வியாழக்கிழமை பூட்ஸ்

என் மனைவி பூங்காவனம் ஒரு ரிட்டயர்டு ராணுவக் கேப்டனோடு ஓடிப்போகப் போகிறாள் என்று நான் ஏறக்குறைய இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

சந்தேகப்பட்டேன் என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். சந்தேகமெல்லாம் இல்லை, முழுசாக நம்பினேன். எந்த பஸ்ஸில் போவார்கள், அவள் எந்தச் சேலையை எடுத்துக்கொள்வாள், பிள்ளைகள் இரண்டுக்கும் நான் எப்படிச் சோறு வடிப்பேன் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். கஞ்சி வடிக்கும்போது கையைச் சுட்டுக்கொள்வதாகக் கற்பனை செய்து, அந்தக் கொப்புளத்துக்காக முன்கூட்டியே அவள்மேல் கோபப்பட்டேன்.

போன வாரம் நான் நாய் துரத்தி மரமேறிய கதையைப் படித்துவிட்டு, "உங்களுக்கு மனுஷர்களிடம் பயமே கிடையாதா?" என்று ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். உண்டம்மா. பூட்ஸ் போட்ட மனுஷர்களிடம் உண்டு.

குழிக்குள்ளிருந்து

எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம். தை மாதத்து வெயில் வாசலில் பாதி வந்து நின்றிருந்த ஒரு காலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். நான் தறியில் இருந்தேன்.

குழித்தறியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. தரையில் ஒரு பள்ளம். நெய்கிறவன் அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலைப் பள்ளத்துக்குள் விட்டு மிதிப்பான். அவன் கண், வீட்டுக்கு வருகிறவர்களின் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். இருபது வருடமாக ஆரணியில் பாதிப் பேரை நான் காலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்துவைத்திருந்தேன். வெடித்த குதிகால் என்றால் முதலாளி வீட்டுக் கணக்கர். மெட்டி சத்தம் முன்னால் வந்து ஆள் பின்னால் வந்தால் என் தங்கை.

அன்றைக்கு வாசலில் வந்து நின்றது கறுப்பு பூட்ஸ். அப்படி ஒரு பளபளப்பை நான் கோயில் குத்துவிளக்கில்கூடப் பார்த்ததில்லை. கிட்டே வந்தபோது அதன் மூக்கில் என் முகம் தெரிந்தது. சின்னதாக, பயந்துபோய்.

பூங்காவனம் வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனாள். எனக்கு ஜுரம் வந்தபோதுகூடத் தராத நாற்காலி அது. பூட்ஸ் அவள் பின்னாலேயே போனது. அவள் ஊடைக்கு, அதாவது குறுக்கு இழைக்கு, நூல் சுற்றும் ராட்டினம் அங்கேதான் இருக்கும். ராட்டினச் சத்தம் கேட்கவில்லை. அவளுடைய தகரப்பெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. காகிதம் சரசரத்தது. மெல்லிய பேச்சு. ஒரு மணி நேரம்.

அவர் போனதும் யார் என்று கேட்டேன்.

"பட்டாளத்துக்காரரு. தெரிஞ்சவரு" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, தெரியும் என்றாள். அதற்குமேல் கேட்டிருந்தால் நான் மனுஷன். கேட்காமல் குழிக்குள் இறங்கிவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமையும் பூட்ஸ் வந்தது. அதற்கடுத்த வியாழக்கிழமையும்.

மார்பு அளவு

இங்கே ஒரு பழைய புண்ணைச் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பத்தொன்பது வயதில் வேலூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். நானும் போனேன். மார்பை விரித்துக் காட்டச் சொன்னார்கள். எனக்கு முன்னால் நின்றவன் மூச்சை இழுத்ததும் அளவு நாடா இறுகியது. என் முறைக்காக நான் வரிசையில் நிற்கும்போதே மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டேன். வரிசை நகரவில்லை. அளவு எடுக்கிறவர் பீடி குடிக்கப் போய்விட்டார். அவர் திரும்பி வந்தபோது நான் தரையில் கிடந்தேன். இரண்டு பேர் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து நேரான முதுகைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. இந்தக் கேப்டன் ஆசீர்வாதத்துக்கு வயது ஐம்பத்தாறு. என்னைவிடப் பதினேழு வயது மூத்தவர். ஹவில்தாராக இருந்து படிப்படியாக ஏறி, கேப்டனாக இறங்கியவர். முதுகு அளவுகோல். என் முதுகு தறி கொடுத்த முதுகு. நிமிர்ந்து நின்றாலும் ஏதோ தேடுகிறவன் மாதிரித்தான் இருப்பேன். கடைக்குப் போய் நானும் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினேன். குழித்தறியில் பூட்ஸோடு மிதிக்க முடியாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

கிழமைக்கு ஒரு வீடு

அடுத்த தெருவில் தறி போட்டிருந்த கோதண்டம் என் சிநேகிதன். ஊர் நடப்பு முழுதும் அவன் வாயில் இருக்கும். அவனிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன், இந்தக் கேப்டன் எப்படி என்று. இரண்டே நாளில் விசாரித்துக்கொண்டு வந்தான்.

"அந்தாளு திங்கக்கெழம சேவூர்ல ஒரு வூட்டுக்குப் போறாரு. செவ்வாக்கெழம தெள்ளாரு. புதன் இன்னொரு ஊரு. எல்லாம் பொம்பளைங்க மட்டும் இருக்கிற வூடு. டயம் மாறாது. வியாழக்கெழம மட்டும் எங்க போறாருன்னு தெரியல, ஏழுமலை."

எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

கிழமைக்கு ஒரு வீடு! அன்று முழுதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதில் வெட்கக்கேடான விஷயம் ஒன்று உண்டு, ஒளிக்காமல் எழுதுகிறேன். கோபத்தின் நடுவில், என் பெண்டாட்டிக்கு வாரத்தில் ஒரு நாள்தானா என்றும் எனக்கு மனசு வலித்தது. அவளுக்கு என்ன குறைச்சல்?

வெறும் பலகை

ஒட்டுக்கேட்கலாம் என்று முடிவு செய்தேன். நெசவாளி வீட்டில் அது லேசான காரியம் இல்லை. தறிச்சத்தம் வீட்டின் மூச்சு மாதிரி. நின்றால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். முதல் வியாழன் நான் காதைத் தீட்டிக்கொண்டு தறியை நிறுத்தியதும், பின்கட்டிலிருந்து "இன்னா, நூல் அறுந்துச்சா?" என்று அவள் குரல் வந்தது. பேச்சும் நின்றது.

ஆகவே சத்தமும் வர வேண்டும், காதும் கேட்க வேண்டும். ஊடையைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவை ஓடவிட்டால் கவனம் அதன் பின்னால் போய்விடும். நாடாவைத் தொடாமல், ஊடை போடாமல், இழையை நெருக்கும் பலகையை மட்டும் இழுத்து இழுத்து அடித்தேன். வெறும் அடி. கேட்கிறவருக்கு நான் மும்முரமாக நெய்கிற மாதிரி இருக்கும்.

அப்படி அடித்துக்கொண்டே நான் பிடித்த சொற்கள்: "பர்மா". "கையெழுத்து". "அவருக்கு இப்ப தெரிய வேணாம்". இந்த மூன்றாவது பூங்காவனத்தின் வாயிலிருந்து வந்தது. அவர் என்றால் நான்தானே? கையெழுத்து என்றால் என்ன, ரிஜிஸ்தர் ஆபீஸா? என்னை விட்டுவிட்டு பர்மாவுக்கே போகப் போகிறார்களா? நான் பலகையை ஓங்கி அடித்தேன்.

தறியில் அப்போது ஒரு கல்யாணச் சேலை. பதினைந்து நாளில் இறங்க வேண்டியது, ஒரு மாதம் இழுத்தது. அறுத்து எடுத்த அன்று, பிசிறு பார்த்து மடிப்பதற்காகப் பூங்காவனம் அதை வாசல் வெளிச்சத்தில் விரித்தாள்.

நாலு கோடு

அவள் கை உடம்புப் பகுதியில் ஓரிடத்தில் நின்றது. ஊடை இல்லாமல் ஒரே இடத்தில் நூறு தரம் அடி விழுந்தால் நெசவு அங்கே இறுகிப்போகும். ஒரு விரல் அகலத்துக்குக் கெட்டியாக, பளபளவென்று ஒரு கோடு. இன்னும் விரித்தாள். இன்னொரு கோடு. அப்புறம் இன்னும் இரண்டு.

அவளுக்குத் தெரியாத நெசவா? கோட்டின்மேல் விரலை வைத்து, கேலண்டர் பார்க்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனாள்.

"இது ரெண்டாவது வியாழக்கெழம. இது அதுக்கடுத்தது. இங்க ரொம்ப ஓங்கி அடிச்சிருக்கே. இது போன வாரம்."

நான் பாவு சரியில்லை என்று ஏதோ முனகினேன்.

"பாவு சரியாத்தான் இருக்குது. உனக்கு வவுறுதான் எரிஞ்சிருக்கு" என்றாள். சேலையை மடியில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். "நான் அந்தப் பெரியவரோட போயிடுவேன்னு நினைச்சியா?"

நான் இல்லை என்றேன். பிறகு ஆமாம் என்றேன். பிறகு பூட்ஸைப் பற்றி ஏதோ சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அப்போதுதான் சொன்னாள். கேப்டன் வந்தது அவள் அப்பாவைப் பற்றிப் பேச.

அவள் அப்பா பெரிய யுத்தத்தில் பர்மாவுக்குப் போனவர். அப்போது இவள் கைக்குழந்தை. யுத்தம் முடிந்தும் அவர் வரவில்லை. விசாரித்ததற்கு, 'பட்டாளத்தை விட்டு ஓடிப்போனவர்' என்று ஒரு வரியில் பதில் வந்தது. பென்ஷன் கிடையாது. அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு குடும்பமாகிவிட்டார் என்று ஊர் மீதியை எழுதிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் இவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஓடிப்போனவன் மகள்.

"எங்கப்பா ஓடலியாம். அதுக்குச் சாட்சி சொல்ல ஆள் இருக்குதாம். கேப்டனய்யா ரெண்டு வருஷமா எழுதிகினு இருக்காரு. இங்க சுத்துப்பட்டுல அந்த யுத்தத்துக்குப் போய் ஒடம்புகூட வராதவங்க பேரையெல்லாம் ஒரு கல்லுல வெட்டி, சேவூர் ரோட்டுல அவரு நிலத்து முனையில நிறுத்தப் போறாரு. ரெகார்டுல 'ஓடினான்'னு இருந்தா அந்தப் பேரை வெட்ட மாட்டாராம். மொதல்ல ரெகார்டை மாத்தணும்."

கிழமைக்கு ஒரு வீடு என்றால் அதுதான். எல்லாம் அந்த மாதிரி வீடுகள்.

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உன்னாண்ட சொன்னா டீக்கடையில கொண்டு போய் வெப்ப."

இதற்கு விளக்கம் வேண்டும். எனக்குக் கல்யாணமான புதிதிலிருந்து ஒரு ஜோக் உண்டு. "எனக்கு ரெண்டு மாமியாரு. ஒண்ணு பெரணமல்லூரு, இன்னொண்ணு பர்மா. தீபாவளிக்கு எந்த வூட்டுக்குப் போறதுன்னு ஒரே பேஜாரு" என்பேன். டீக்கடையில் எல்லாரும் சிரிப்பார்கள். பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் மூன்று பேர்

என் மாமனார் சாகும்போது தன் வேலையில்தான் இருந்தார் என்று மாமியார் ஒரு மனுவில் கைநாட்டு வைக்க வேண்டும். மாமியார் மறுத்துக்கொண்டிருந்தார். அதனால்தான் அத்தனை வியாழக்கிழமைகள். கடைசியாக நேரிலேயே போய்க் கேட்பது என்று முடிவாயிற்று. நானும் வருகிறேன் என்றேன். நியாயத்துக்காகப் போனேன் என்று நினைக்காதீர்கள். பெரணமல்லூர் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்று பேராக உட்கார்ந்தோம். நான் நடுவில் போய் நுழைந்துகொண்டேன். எல்லாம் தெரிந்த பிறகும்.

பதினைந்து வருடம் என்னிடம் சொல்லாததை அவரிடம் தகரப்பெட்டியைத் திறந்து காட்டினாளே, அது எரிந்துகொண்டுதான் இருந்தது. ஓடிப்போவதாக இருந்தால்கூட நான் ஒருவகையில் தாங்கியிருப்பேன்.

என் மாமியார் முனியம்மா என்னோடு நேருக்கு நேர் பேசியதில்லை. மருமகன் என்றால் கதவுக்குப் பின்னால் நின்று, மகளிடம் சொல்வதுபோல எனக்குச் சொல்வார். அன்றைக்கும் அப்படித்தான் நின்றார். கேப்டன் உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே பேசினார்.

பட்டாளம் பின்வாங்கிக்கொண்டிருந்த நாட்கள். காயம்பட்டவர்கள் தண்ணீர் கேட்டார்கள். சாயங்காலம் என் மாமனாரும் இன்னொருவரும் குடுவைகளை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினார்கள். மேலே விமானம் வந்தது. குண்டு ஆற்றங்கரையில் விழுந்தது. மாமனாருக்கு அங்கேயே உயிர் போய்விட்டது. கூடப் போனவர் எதிரியிடம் கைதியாகச் சிக்கி, யுத்தம் முடிந்துதான் ஊர் திரும்பினார். கேப்டன் அவரைப் பார்த்தது ரிட்டயரான பிறகு, வேலூரில் ஒரு கியூவில். அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

பிறகு சொன்னதை அவர் பூங்காவனத்திடம்கூட அதுவரை சொல்லியிருக்கவில்லை.

"மறுநாள் காலையில பேர் கூப்ட்டது நான்தாம்மா. அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. மூணு தரம் கூப்ட்டேன். ஆள் இல்ல. எங்கன்னு கேக்க யாரும் நிக்கல, எல்லாரும் போய்க்கினு இருந்தாங்க. ஆள் இல்லன்னா ஓடினதா எழுதுன்னு உத்தரவு. எழுதிட்டேன். அது என் கையெழுத்து."

பூங்காவனம் அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அந்த நிமிஷம் அவள் அவரை வெறுப்பாள் என்று எனக்குள் ஒரு நப்பாசை வந்தது. ஆம், அப்போதும்.

கதவு திறந்தது. முனியம்மா வெளியே வந்தார். நெற்றியில் எட்டணா அளவுக்குக் குங்குமப் பொட்டு.

"உன் கைதான் எழுதிச்சா?" என்றார் கேப்டனிடம். "அந்தக் கை எழுதினதாலதான் நான் முப்பது வருஷத்துக்கு மேல இதை வெச்சிகினு இருக்கேன். ஓடிப்போனவரு எங்கியோ உசிரோட இருப்பாருன்னுதான். இப்ப நீயே வந்து அழின்னு சொல்றே."

கேப்டன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த முதுகு வளைந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ரசிக்க முடியவில்லை.

மாமியார் என் பக்கம் திரும்பினார். முதல்முறையாக நேராக.

"மாப்ள, பர்மாவுல ஒரு மாமியாரு இருக்கான்னு நீங்க சொல்லுவீங்களாமே. இங்க வந்து சொன்னாங்க. எம்பொண்ணுக்கு அது ஆகாது. எனக்குக் கேக்க நல்லாத்தான் இருக்கும். அவ எப்படி இருப்பா, நெறமா இருப்பாளா, நல்லா ஆக்கிப் போடுவாளான்னு யோசிப்பேன். இத்தினி வருஷம் அவ மேல வவுறு எரிஞ்சிகினு கெடந்தேன். இப்ப அவளும் இல்லங்கறாங்க."



"எங்கப்பனுக்கு ஒரு போட்டோகூட இல்லம்மா. பேராவது இருக்கட்டும்" என்று மட்டும் பூங்காவனம் சொன்னாள்.

மாமியார் கதவுநிலையில் சாய்ந்துகொண்டார். கடைசியில் கேப்டனைக் கேட்டார்:

"தண்ணி எடுக்கப் போனாருன்னு சொன்னியே. அவரு குடிச்சாரா?"

"தெரியாதும்மா."

"கூடப் போனவன் சொல்லலியா?"

"கேட்டேம்மா. அவருக்கும் தெரியல."

நானாக இருந்தால் குடித்தார் என்று சொல்லியிருப்பேன். வயிறு நிறையக் குடித்தார், குடித்துவிட்டுச் சிரித்தார் என்றுகூடச் சொல்லியிருப்பேன். அந்த இடத்தில் அதைவிட லேசான பொய் ஏது?

மாமியார் மகளைப் பார்த்து, "பொய் சொல்ற ஆளா இருந்தா குடிச்சாருன்னு சொல்லியிருப்பான்" என்றார். பிறகு கட்டைவிரலை நீட்டினார்.

மை தடவியது கேப்டன். காகிதத்தை அசையாமல் பிடித்துக்கொண்டது நான். எனக்கும் ஒரு வேலை கிடைத்தது.

விரலைத் தலையில் துடைத்துக்கொண்டே மாமியார் ஒரு நிபந்தனை போட்டார். மனுவுக்குப் பதில் கடுதாசி வருகிறவரைக்கும் பொட்டு இருக்கும். அதுவரைக்கும் அவர் பர்மாவில்தான் இருக்கிறார்.

அந்த "தெரியாதும்மா"வுக்காக எனக்கு ஆசீர்வாதம் மேல் இன்றைக்கும் பொறாமை. பூட்ஸும் முதுகும் எப்படியாவது போகட்டும். அந்த ஒரு சொல் என் வாயில் வந்திருக்காது.

கடுதாசி

கோடு விழுந்த கல்யாணச் சேலையை முதலாளி எடுத்துக்கொள்ளவில்லை. அது எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது, பூங்காவனம் கட்டிக்கொண்டாள். வியாழக்கிழமைகளில் கேப்டன் வருவது தொடர்ந்தது. நாற்காலி முன்கட்டுக்கு, என் தறிக்குப் பக்கத்தில் வந்தது. பேச்சு என் காதுபடவே நடந்தது. எனக்கு மூன்றில் ஒரு பங்கு புரிந்தது, மனு, நினைவூட்டல், மறுபடி மனு. டீக்கடையில் அந்த ஜோக்கை நிறுத்திவிட்டேன். ஏன் சொல்வதில்லை என்று கோதண்டம் கேட்டபோது, பழசாகிவிட்டது என்றேன்.

சேவூர் ரோட்டில் கல் நின்றது. மற்ற பெயர்களை வெட்டி முடித்து, ஆறாவது வரியை மட்டும் வெறுமையாக விட்டுவைத்திருந்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அந்த வரி அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் சைக்கிளில் போகும்போதெல்லாம் நான் இறங்கி, தள்ளிக்கொண்டு போவேன்.

ஒரு ஆடி மாதம் கடிதம் வந்தது. கேப்டன் அதைத் தபாலில் அனுப்பவில்லை, எங்கள் வீட்டிலும் பிரிக்கவில்லை. மூன்று பேரும் மறுபடி பெரணமல்லூர் போனோம். இந்தத் தடவை நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

இங்கிலீஷில் நாலு வரி. கேப்டன் நின்றபடியே வாசித்துத் தமிழில் சொன்னார். பழைய பதிவு திருத்தப்பட்டது. இன்னார் ஓடிப்போகவில்லை, பர்மாவில், தன் பணியில் இருக்கும்போது கொல்லப்பட்டார். பூங்காவனம் அழுதாள். கேப்டன் தோளுக்குப் பக்கத்தில் நின்றுதான் அழுதாள், என் பக்கத்தில் இல்லை. அதையும் நான் கவனித்தேன்.

மாமியார் கடிதத்தை வாங்கிக் கொஞ்சநேரம் கையில் வைத்திருந்துவிட்டு மகளிடம் கொடுத்தார். உள்ளே போனார். தொட்டியில் சொம்பு மோதும் சத்தம் கேட்டது.

வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார். நெற்றியில் பொட்டு இல்லை.